அதிக ஆபத்துப் பிரிவு

வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் குலுங்கும்போது மட்டும் தெரியும். இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. உடம்பைப் பற்றிப் பேச எனக்கு எப்போதுமே கூச்சம்.

ஸ்கேனில், ஈரலில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். மைசூரிலேயே ஈரலின் ஒரு பகுதியோடு அதை வெட்டி எடுத்தார்கள். கட்டியில் ஒரு துண்டை மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள் (கட்டியின் செல்களில் எந்த மரபணுக்கள் அதிகம் வேலை செய்கின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று பார்த்து, நோய் திரும்பும் ஆபத்து எவ்வளவு என்று கணிக்கும் முறை).

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டரம்மா கன்னடத்தில் நிதானமாகத்தான் சொன்னார்.

"நீங்க அதிக ஆபத்துப் பிரிவுல இருக்கீங்க. ஏதாவது கேக்கணுமா?"

நான் பத்தாவது வரை படித்தவன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஹனூரிலிருந்து அக்கா வந்தாள்.

"எத்தன நாளுன்னாச்சும் கேட்டியாடா?"

"கேக்கலக்கா."

"எப்படிக் கேப்பே? பஸ்ஸுல சில்லறை பாக்கி கேக்கவே உனக்கு நான் கூட வரோணும்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புள்ளைய எம் பையனுக்குக் குடுத்துப்போடு. நீ இருக்கறப்பவே உங் கையால தாரை வாத்துரு."

என் மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நானும் போய்விட்டால் மகள் திவ்யாவுக்கு யார்? தாரை வார்க்க அப்பா இல்லையே என்று ஊர் பேசப்போவதும் இப்போதே காதில் கேட்டது.

திவ்யா அப்போது பி.எஸ்சி. முதல் வருஷம்.

"டிகிரி முடிச்சுட்டுப் பண்ணிக்கறேனேப்பா."

"அதுவரைக்கும் அப்பா இருக்கணுமே" என்றேன்.

கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு "ஆய்த்துப்பா" என்றாள், சரி என்று. வீட்டில் தமிழ்தான் பேசுவாள். மனசு விட்டுப்போனால் கன்னடம் வரும்.

தையல் போட்ட வயிற்றோடு நின்று தாரை வார்த்தேன். மருமகன் நல்ல பையன். ஹனூரில் விதைக்கடை வைத்திருக்கிறான். பாடப் புத்தகங்களைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு, திவ்யா அந்தக் கடையில் உட்கார்ந்தாள்.

மூன்று வருஷமாகிறது. நோய் திரும்பவில்லை. போன மாதம்தான் டாக்டரம்மாவிடம் வாய் திறந்தேன்.

"அந்த ரிப்போர்ட் தப்புங்களாம்மா?"

"தப்பில்ல. உங்க மாதிரி கட்டி இருக்கறவங்கள்ல பல பேருக்குத் திரும்ப வரலாம்னு சொல்லும். உங்களுக்கு வருமா, எப்போ வரும்னு அதுக்குத் தெரியாது. இனிமேயும் வரலாம், ஸ்கேனை விட்டுடாதீங்க. அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

இதைப் படிக்கும் உங்கள் கையிலும் அப்படி ஒரு காகிதம் இருக்கலாம். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். இது எனக்குச் சொன்னதா, என்னைப் போன்றவர்களுக்குப் பொதுவாகச் சொன்னதா? அவ்வளவுதான் கேள்வி.

வெட்டிய ஈரல் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டதாம் (ஈரலுக்கு அந்தக் குணம் உண்டு). அதைச் சொல்ல திவ்யாவுக்குப் போன் செய்தேன். சந்தோஷத்தில் அழுதாள். "நீங்க இருந்தாப் போதும்ப்பா" என்றாள். அவளோடு சேர்ந்த பிள்ளைகள் இந்த வருஷம் டிகிரி வாங்கிவிட்டார்கள்.

நான் இருக்கிறேன். இருக்கும் ஒவ்வொரு மாதமும், அவள் கேட்டபடி டிகிரி முடிக்க விட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போகிறது.