பைனாகுலரில் தெரிந்த பஸ் நிறுத்தம்

சிறுவாச்சூரில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுத்துவிட்டுத் திரும்பும்போது ஸ்கூட்டர் சறுக்கி என் வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். எங்கள் வீடு பெரம்பலூரில், அரியலூர் சாலையோரம், இரண்டாவது மாடி.

என் மனைவிக்கு அரியலூரில் ஆபீஸ் வேலை. காலை எட்டரைக்குச் சோறு, தண்ணீர், மாத்திரை, மூத்திரப் பாட்டில் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பாள். பிறகு கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவாள். திறந்து போட்டுவிட்டுப் போக அவளுக்குப் பயம். சிமென்ட் லாரி போகும்போதெல்லாம் ஜன்னலோரம் என் கட்டில் அதிரும். அடுத்த லாரி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

அப்போதுதான் பரணில் இருந்த பெரிய பைனாகுலர் ஞாபகம் வந்தது. கரைவெட்டி ஏரிப் பறவைகளைப் பார்க்க வாங்கியது. இருபது மடங்கு பெரிதாகக் காட்டும். ஆனால் அத்தனை கனத்தைக் கையில் பிடித்தால் நம் நெஞ்சுத் துடிப்பே பார்வையை ஆட்டிவிடும். படுத்தபடி பிடிப்பது நடக்காத காரியம். அதனால் வீடியோ கேமராவை நிறுத்தும் மூன்று கால் ட்ரைபாடைக் கட்டிலருகே விரிக்க மனைவியிடம் சொன்னேன். 'ட' எழுத்து மாதிரி ஒரு இரும்புத் துண்டு உண்டு. அதன் ஒரு முனையைப் பைனாகுலரின் நடுத்தண்டில் திருகி, மறுமுனையை ட்ரைபாடில் முடுக்கினாள்.

"இவ்ளோ கனத்த மேல வச்சா சாஞ்சிடாதாங்க?"

"நடுவுல கொக்கி இருக்கு பாரு. தண்ணி பாட்டில் போட்ட பைய அதுல மாட்டி வுடு. அசையாது."

உயரத்தைக் குறைத்து, என் கண்ணுக்கு நேராக வைத்துவிட்டு, "தெரியுதா?" என்றாள்.

"எதிர் மாடி காக்காவோட கண்ணு தெரியுது."

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று சிரித்தாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஐந்தரைக்குப் பைனாகுலரைப் பஸ் நிறுத்தத்தின் பக்கம் திருப்பினேன். அரை கிலோமீட்டர் இருக்கும். அரியலூர் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அவள் வீட்டுக்கு வரவில்லை. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். போனைக்கூட எடுக்கவில்லை. ஆறு மணி தாண்டித்தான் எழுந்தாள்.

"பஸ் லேட்டுங்க" என்றாள், பூட்டைத் திறந்துகொண்டே.

மறுநாளும் அப்படியே. எனக்குக் கோபம் வந்தது. நான் பாட்டில் நிறைந்து, முதுகு புண்ணாகி, எப்போது வருவாள் என்று கிடக்கிறேன். இவள் அங்கே காற்று வாங்குகிறாளா? மூன்றாம் நாள் கோபத்தோடுதான் பார்த்தேன். தூணில் தலையைச் சாய்த்திருந்தாள். எழுந்து வீட்டைப் பார்த்து இரண்டு அடி வைத்தாள். நின்றாள். திரும்பவும் போய் உட்கார்ந்துவிட்டாள். பைனாகுலர் துளியும் ஆடவில்லை. எல்லாம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நாலாம் நாளும் அப்படியே. அன்று ராத்திரி அவள் என் முதுகைத் துடைத்துவிடும்போது சொல்லிவிட்டேன். "ஸ்டாப்புல நீ உக்காந்திருக்கறத பாத்தேன்."

ஈரத்துணி அப்படியே நின்றது. "எத்தன நாளா?"

"நாலு நாளா."

துணியைப் பிழிந்தாள். பிறகு, "எனக்குன்னு இருந்தது அந்த அரமணி நேரந்தாங்க. அதையும் பாத்துட்டீங்களே" என்றாள்.

"எல்லாத்தையும் கழட்டி உள்ள வச்சிடு."

"வேணாம். பகலெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

பைனாகுலரை எதிர்மாடிப் பக்கம் திருப்பி, ட்ரைபாட் திருகைப் பலங்கொண்ட மட்டும் முடுக்கினாள். கையை நீட்டினால் என்னால் தளர்த்தியிருக்க முடியும். நான் தொடவில்லை.

அதன்பின் தினமும் ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டாள். முகம் கழுவி, டீ போட்டு, என்னைத் திருப்பிப் படுக்கவைத்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டவன் போலச் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன்.

நான் ஊன்றுகோல் பிடித்து நிற்க ஆரம்பித்த வாரம், ஒருநாள் ஆறேகாலுக்கு வந்தாள். அவளே சொன்னாள்.

"முந்தின ஸ்டாப்புலயே எறங்கிட்டேங்க. அங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டு நடந்து வரேன்."

"சரி" என்றேன். "நாளைக்கும் அங்கயே எறங்கு."