அப்பா ஏற்றிய மஞ்சள் கொடி

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. அது அம்மா எனக்குக் கொடுத்த சீதனம்.

அப்பா காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, பால்மரம் வெட்டி, பிறகு கிள்ளான் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கொடி காட்டும் வேலையில் சேர்ந்தார். சிவப்பு என்றால் கப்பலில் ஆபத்தான சரக்கு. நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் என்றால் கப்பல் புறப்படப் போகிறது. மஞ்சள் என்றால், "எங்கள் கப்பலில் எல்லோரும் நலம், உள்ளே வர அனுமதி வேண்டும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இதையெல்லாம் சொல்வார்.

"எல்லாக் கப்பல்காரனும் உண்மையத்தான் சொல்லுவானாக்கும்?" என்பார் அம்மா.

"வாயால பொய் சொல்லலாம். கொடியில சொல்லக் கூடாது."

அம்மா நம்பவில்லை. நானும்தான்.

எழுபதுகளில் ஒரு தீபாவளிக்கு எங்கள் பண்டமாரான் வீட்டு வாசலில் அப்பா மஞ்சள் கொடி ஏற்றினார். அதன் கீழே அம்மா கட்டிய மாவிலைத் தோரணம். காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. கோழிக்கறி ஆறிப்போனது. "எவளோ நம்மளப் பத்தி ஏதோ சொல்லிவிட்டிருக்கா" என்று அம்மா வீடு வீடாகச் சந்தேகப்பட்டார். மாவு இரவல் வாங்கிப் போனவரைக்கூட விடவில்லை. மதியத்துக்கு மேல் எதிர்வீட்டு ஆன்டி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றபடி கேட்டார்:

"யாருக்குக்கா அம்மை? சின்னவளுக்கா?"

மஞ்சள் துணியையும், தூரத்தில் வேப்பிலையாகத் தெரிந்த தோரணத்தையும் பார்த்து, அம்மை கண்ட வீடென்று தெருவே ஒதுங்கியிருக்கிறது!

"எல்லாரும் நல்லாருக்கோம்னுதானே போட்டேன்!" என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா அன்று வயிறு வலிக்கச் சிரித்தார்.

நான் திருமணமாகிப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். அம்மாவும் மறைந்த பிறகு அப்பா தனியே இருந்தார். சர்க்கரை வியாதியோடு இனிப்புப் பால்டீயான தே தாரேக் குடிக்கிறாரா, மாத்திரையை ஒளிக்கிறாரா என்று எனக்கு ஓயாத சந்தேகம். போனில் எப்போதும் "நல்லாருக்கேன்லா"தான். அதனால் நான் வரும் ஞாயிறுகளில் அந்த மஞ்சள் கொடியை ஏற்றிவைப்பார். தெருமுனையிலேயே தெரியும். அதை மட்டும் நான் நம்பப் பழகியிருந்தேன்.

ஒரு ஞாயிறு கொடி இல்லை. அப்பா சட்டையெல்லாம் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கொடி எங்கப்பா?"

"மறந்துட்டேம்மா. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

கொடி மடித்தபடி அவர் மடியிலேயே இருந்தது. மறந்தவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்வாரா? வேட்டியை விலக்கினேன். கால் கறுத்திருந்தது. மருத்துவர்கள் பாடுபட்டும் நோய் முந்திக்கொண்டது. என்னிடம் வாயால் பொய் சொன்னவருக்கு, கொடியால் சொல்ல மனம் வரவில்லை.

இறுதிச் சடங்கில் அந்தக் கொடியை அப்பாமேல் போர்த்தலாமா என்று தயங்கினேன். எல்லோரும் நலம் என்று சொல்லும் கொடியில் பொய் ஆகாதே. எதிர்வீட்டு ஆன்டிதான் என் கையிலிருந்து வாங்கினார்.

"இனிமே அண்ணனுக்கு ஒரு நோவும் இல்லம்மா. போற எடத்துல பாத்து உள்ள விடட்டும்லா."

தாமே போர்த்திவிட்டார்.

அவருக்கும், அப்பாவைச் சுமந்த தோள்களுக்கும், எங்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்த பண்டமாரான் வீடுகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். அப்பாவை உள்ளே விட்டிருப்பார்கள். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.