அண்ணன் கணிப்புக்குச் சொன்ன பதில்

சர்வே கம்பெனியில் வேலை என்று சொன்னால், நிலம் அளக்கிற வேலை என்றுதான் பலரும் முதலில் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஆபீஸ் அல்சூரில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. இருபது நாற்காலி, இருபது ஹெட்ஃபோன். பெண்கள்தான் அதிகம். எதிர்முனையில் இருப்பவர் கன்னடத்தில் பேசினால் கன்னடம், தமிழில் பேசினால் தமிழ், உருதுவில் பேசினால் உருது என்று நொடியில் மாறத் தெரிந்தவர்கள். வருடம் முழுக்கச் சமையல் எண்ணெய், சோப்பு, செல்போன் கம்பெனி என்று கேட்டுக்கொண்டிருப்போம். தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டு என்று கேட்போம்.

நானும் போன் பேசுகிறவளாகத்தான் சேர்ந்தேன். எட்டு வருடம் கழித்து சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அந்த வேலையில் பாதி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பேசியதன் ரெக்கார்டிங்கைக் கேட்பது. கேள்வியை இருக்கிறபடியே படித்தாளா, பதிலைத் தன் வாயால் எடுத்துக் கொடுத்தாளா, அவர் ஒன்று சொல்ல இவள் ஒன்றை டிக் பண்ணினாளா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்க முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுக்கும்.

வீட்டில் என் வேலைக்கு இரண்டு விதமான மரியாதை. என் கணவர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். எண்கள் என்றால் நம்புவார். என் அண்ணன் எலெக்ட்ரீஷியன். இரண்டு தெரு தள்ளி, அதே ஆஸ்டின் டவுனில் இருக்கிறார். எண்களை விட, தான் நேரில் பார்த்த நான்கு பேரை நம்புவார். அண்ணன் ஆளுங்கட்சி. வெறும் ஓட்டுப் போடுகிறவர் இல்லை. இருபது வருடமாகத் தேர்தல் அன்றைக்கு பூத்துக்குள் ஏஜென்டாக உட்காருகிறவர். கணவருக்குக் கட்சியில் எந்தப் பொறுப்பும் கிடையாது, ஆனால் எதிர்க்கட்சியைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கை நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாடு எங்களோடுதான். தேர்தல் நெருங்க நெருங்க அந்தச் சாப்பாடு நீண்டுகொண்டே போகும்.

"நான் வீடு வீடா போறவன் மாப்ள. ஸ்விட்ச் மாத்தும்போதே தெரிஞ்சிடும், அந்த வீட்டு ஓட்டு எங்கன்னு."

"நீங்க போறது அம்பது வீடு மச்சான். அதுவும் உங்களைத் தெரிஞ்சவங்க. உங்க முன்னாடி உங்க கட்சியத் திட்டுவாங்களா?"

"உங்க டிவிக்காரன் மட்டும் ஊரையே கேட்டானா?"

"ஊரையே கேக்கத் தேவையில்ல. சோறு வெந்துச்சான்னு பாக்க எல்லாப் பருக்கையுமா எடுப்பீங்க?"

"சோறு பொய் சொல்லாது மாப்ள. மனுசன் சொல்லுவான்."

அண்ணியும் நானும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம். அது சண்டை இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் பேச வேறு விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த முறை சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் ஒரு விநோதம் நடந்தது. எதிர்க்கட்சியில் பல வருடம் இருந்தவர், இரண்டு முறை அந்தக் கட்சியின் சின்னத்தில் நின்றவர், தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு ஆளுங்கட்சிக்குத் தாவினார். அவருக்கே சீட்டும் கொடுத்தார்கள். கணவருக்கு ஒரே கொண்டாட்டம். "இத்தனை நாள் எங்க ஆளுன்னு திட்டினீங்களே மச்சான், இப்ப நீங்களே தூக்கிட்டு சுத்துங்க" என்றார். அண்ணன் அசையவில்லை. "ஆள் யாரா இருந்தா என்ன? கட்சிதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டார். அடுத்த வாரமே கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு அந்த வேட்பாளர் பின்னால் தெருத்தெருவாகப் போனதை நானே பால்கனியிலிருந்து பார்த்தேன்.

ஆபீஸில் தேர்தல் வேலை தொடங்கியிருந்தது. ஒரு டிவிக்காக மாநிலம் முழுக்கக் கருத்துக்கணிப்பு. ஒரு புதன்கிழமை, டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து வரிசையாக ரெக்கார்டிங் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசியது எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற கிருஷ்ணகிரிப் பெண். முதலில் கன்னடத்தில் தொடங்கினாள். எதிர்முனையில் தமிழில் ஒரு குரல்: "ஒரு நிமிஷம்மா, ஏணில இருந்து எறங்கிக்கிறேன்."

அண்ணன் குரல்.

தெரிந்தவர் குரல் வந்தால் அதை அப்படியே நிறுத்தி இன்னொரு சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட வேண்டும். அது எங்கள் விதி. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பது. நான் நிறுத்தவில்லை.

"எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடலாம்னு இருக்கீங்க சார்?"

"இது யாருக்கும் தெரியாதில்லம்மா?"

"தெரியாது சார். உங்க பேரே நாங்க கேக்க மாட்டோம்."

ஏணியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் எதிர்க்கட்சியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் காரணம் கேட்டு, விலைவாசி, வேலைவாய்ப்பு, சாலை, தண்ணீர் என்று வரிசையாகப் படித்தாள்.

"அதெல்லாம் இல்லம்மா. இருவது வருஷம் யாருக்கு எதிரா நோட்டீஸ் ஒட்டினேனோ, அவனுக்கே போய் ஓட்டுக் கேளுன்னு சொல்லிட்டாங்க. கேக்குறேன். கட்சி சொன்னா கேக்கணும். ஆனா நான் போட மாட்டேன்."

அவள் 'வேட்பாளர் பிடிக்கவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். வேலையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் இன்னொரு தடவை கேட்டேன். பிறகு 'சரி' என்று போட்டு அடுத்ததுக்குப் போனேன். அடுத்தது துமகூரில் ஒரு தேங்காய் வியாபாரி. அவர் என்ன சொன்னார் என்பது ஒரு வார்த்தை கூட என் மண்டையில் ஏறவில்லை.

அண்ணன் அவளைக் குழப்ப வேண்டும் என்றே மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று கூட நினைத்துப் பார்த்தேன். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் சொன்னதை எனக்குச் சொன்ன குரல் அது.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் எங்கள் கணிப்பு வந்தது. எதிர்க்கட்சி முன்னால் இருக்கிறது, ஆனால் நெருக்கமான போட்டி என்று காட்டினார்கள். மறுநாள் பூசையிலிருந்து திரும்பும்போதே கணவர் நடையில் ஒரு துள்ளல்.

அன்றைக்கு மட்டன் பிரியாணி. அண்ணன் உட்கார்ந்ததும் கணவர் ஆரம்பித்தார். "என்ன மச்சான், நேத்து டிவி பாத்தீங்களா? உங்க தங்கச்சி ஆபீஸ் கணக்கு."

"பாத்தேன்."

"என்ன சொல்றீங்க?"

"என்னத்தச் சொல்றது? எவன் கேட்டானோ அவனுக்கு வேண்டியதக் குடுத்திருப்பாங்க."

"ஆயிரக்கணக்குல ஆளுங்களுக்கு போன் போட்டுக் கேட்டது மச்சான். சும்மா இல்ல."

அண்ணன் என்னைப் பார்த்தார். கணவரோடு பேசும்போது இல்லாத ஒரு கடுமை முகத்தில் இருந்தது. "யாரைம்மா கேட்டீங்க? என்னை யாரும் கேக்கல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரையும் கேக்கல. ரூம்ல உக்காந்து நீங்களே நம்பர் போட்டு அனுப்பிடுறீங்க. அதை இவரு வேதவாக்கா எடுத்துக்கிறாரு."

என் கையில் தயிர்ப்பச்சடிக் கிண்ணம் இருந்தது. கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அதைவிட, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது. பொய் சொல்கிறார் என்பது தெரிந்து, அதைத் தெரியாததுபோல நிற்பதற்கு எனக்குப் பழக்கம் இல்லை.

கணவர்தான் எழுந்தார். "என் பொண்டாட்டி பொய்க்கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குறான்னு சொல்றீங்களா?"

"நான் கம்பெனியச் சொன்னேன்."

"கம்பெனின்னா யாரு? அவதானே?"

"விடுங்க" என்றேன். இரண்டு பேரும் விடவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. பாதிச் சாப்பாட்டில் அண்ணன் எழுந்து கை கழுவினார். அண்ணி ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தாள். அவளும் எழுந்து போக வேண்டியதாயிற்று. செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, நான் போன் பண்ணுகிறேன் என்று கையால் காட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரவில்லை. கோயிலில் அண்ணன் இடது பக்க வரிசைக்கு மாறி உட்கார்ந்தார். கணவர் வீம்பாக இருந்தாலும், மத்தியானம் இரண்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்தார். அண்ணன் போனில் சொன்ன ஒரு வரி போதும், கணவர் வாயை அடைத்திருப்பேன். அண்ணன் வாயையும் அடைத்திருப்பேன். ஒவ்வொரு நாளும் அந்த வரி வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் இருந்ததற்குப் பெரிய நேர்மை எதுவும் காரணமில்லை. அந்தக் கிருஷ்ணகிரிப் பெண் "தெரியாது சார்" என்று சொன்னது காதிலேயே நின்றது. அவள் சொன்னது என்னால் பொய்யாகக் கூடாது என்று தோன்றியது. ஏற்கனவே பாதி பொய்யாகியிருந்தது.

ஓட்டு எண்ணினார்கள். எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்தது. நெருக்கமான போட்டி என்றெல்லாம் இல்லை, நாங்கள் சொன்னதைத் தாண்டி எங்கோ போயிருந்தது. எங்கள் தொகுதி மட்டும் தலைகீழ். தோற்பார் என்று எங்கள் ஷீட்டில் இருந்த அந்தத் தாவியவர் சுலபமாக ஜெயித்தார். ஆபீஸில் முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்து, "ஜெயிக்கிற கட்சியச் சரியாச் சொன்னோம்" என்றார். தப்பாகச் சொன்ன தொகுதிகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அண்ணன் போன் செய்தார். ஆபீஸுக்குக் கீழே நிற்பதாகச் சொன்னார். இறங்கிப் போனேன். பேக்கரி வாசலில், கருவிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு காரா பன் வாங்கி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். நீங்க போன் பண்றவங்க நம்பர் எல்லாம் எழுதி வெச்சிருப்பீங்களா?"

"ஏண்ணா?"

"இங்க ஜெயிச்சும் ஆட்சி போச்சேன்னு கட்சி ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. சர்வே கம்பெனிங்ககிட்ட லிஸ்ட் இருக்காம். யாரு யாரு கூட இருந்தே கவுத்தாங்கன்னு அதுல பாத்துடலாமாம்." பன்னைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைப் பார்த்தார். "எனக்கும் ஒரு போன் வந்துது. நான் அன்னைக்கு இல்லன்னு சொன்னேன். வந்துது."

"லிஸ்ட் எல்லாம் யாருக்கும் போகாதுண்ணா. நம்பரத் தனியா எடுத்துட்டுப் பதிலை மட்டும்தான் அனுப்புவாங்க."

"நிஜமா?"

"நிஜமா." இதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. "ஆனா நான் கேட்டுட்டேண்ணா. உங்க ரெக்கார்டிங் எனக்குத்தான் வந்துது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எப்போ?"

"பிரியாணி அன்னைக்கு முன்னாடியே."

"அப்ப நான் உன்னை அப்படிப் பேசும்போது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏறி, கிளம்பிப் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாப்ளகிட்ட சொன்னியா?" என்றார்.

"இல்ல. சொல்லக் கூடாது."

"நான்தான் உன்னைப் பொய்க்காரி ஆக்கிட்டேன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. இதுதான் அதிகபட்சம். "அந்தப் பொண்ணு நல்லாப் பேசுச்சு. யாருக்கும் தெரியாதுன்னு சொன்னதும் வாயில வந்துடுச்சு. உங்க அண்ணிகிட்டகூட நான் சொல்லல."

"ஏண்ணா, பிடிக்கலன்னா கட்சிய விட்டு வந்துட வேண்டியதுதானே?"

"எங்க வர்றது? எனக்கு வேற யாரைத் தெரியும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சாப்பிட வந்தார்கள். எப்படி என்று கணவர் கேட்கவில்லை. இலையில் முதல் கறித்துண்டை அண்ணனுக்கு வைத்தார். தேர்தலைப் பற்றி இரண்டு பேரும் பேசாமல் ஒரு மாதம் ஓட்டினார்கள். அண்ணன் கட்சி ஆபீஸுக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார். பூத்தில் இனி இளைஞர்கள் உட்காரட்டும் என்று அங்கே சொன்னார்களாம். இவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு நாள், மழையில் எங்கள் வீட்டு மீட்டர் பாக்ஸ் கெட்டுப்போய் அண்ணன் சரி செய்துகொண்டிருந்தபோது, டார்ச் பிடித்துக்கொண்டிருந்த கணவரிடம் அவராகவே சொன்னார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"மாப்ள, நான் உங்க கட்சிக்குத்தான் போட்டேன்."

டார்ச் வெளிச்சம் சுவரில் எங்கோ போயிருந்தது. "இங்க காட்டுங்க" என்று அண்ணன் சொன்ன பிறகுதான் திருப்பினார்.

"அப்ப ரெண்டு மாசம் என்கூட எதுக்கு மச்சான் அந்தச் சண்ட போட்டீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? உங்க முன்னாடி நான் எப்படி விட்டுக் குடுப்பேன்?"

கணவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏதோ பறிபோனவர் மாதிரி அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க உம்மென்று இருந்தார். உனக்கு முன்பே தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். சொல்லவில்லையே என்றார். சொல்லக் கூடாது என்றேன். பிறகு, "அந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நிஜமாகவே தெரியாது.

அடுத்த ஞாயிறு மாநகராட்சித் தேர்தல் எப்போது வரும் என்று பேச்சு வந்தது. அண்ணன், இந்தத் தடவை வார்டு யாருக்கு என்று தான் வேலைக்குப் போன வீடுகளை வைத்துச் சொன்னார். கணவர் உடனே, அம்பது வீட்டை வைத்து வார்டைச் சொல்லக் கூடாது என்றார். அண்ணியும் நானும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம்.