தண்ணீருக்குத் துலுக்கிய புல்லட்

அப்பா மோட்டார் சைக்கிள் வாங்கிய வருஷம் அம்மாவுக்கு இடது காது போயிருந்தது. தானாகப் போகவில்லை. குழம்பில் உப்புக் கூடியதற்கு அவர் விட்ட அறையில் போனது. எழுபதுகளின் கடைசி. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ராசிபுரம் பக்கம், தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அப்பா அதுவரை சைக்கிளில்தான் வருவார், சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. அவர் வந்துவிட்டார் என்பது அம்மாவுக்கு முதுகில் சாட்டை விழும்போதுதான் தெரியும். எனக்கும் தம்பிக்கும் அப்படித்தான். அவரை நான் வெறுத்தேன். இதை மென்று முழுங்கி எழுத எனக்கு இஷ்டமில்லை.

லாரியில் பங்கு சேர்ந்து கையில் காசு புரண்டதும் அப்பாவுக்கு வண்டி ஆசை வந்தது. எங்கள் வகையறாவில் கோயில் கிடாய் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். துலுக்குவது என்று அதற்குப் பெயர். அப்பா வீட்டில் காளை வாங்கும்போதும் இதைச் செய்வார்கள், ஊற்றுவது வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். அம்மாவுடையது ராசியான கை என்று ஊரே சொல்லும். அந்தக் கையை முறுக்குவதில் மட்டும் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. மனுஷருக்குப் பயப்படாத அப்பா, துலுக்கிக் கிடைத்த வாக்குக்கு மட்டும் பயப்படுவார்.

ஆகவே வண்டி பார்க்கவும் அம்மா கூட வந்தாள், பையில் சொம்போடு. நானும் போனேன். அயோத்தியாப்பட்டணத்தில் பழைய வண்டி விற்கும் ஒரு ஷெட். அப்பாவின் கண் போனது ஒரு சின்ன சிவப்பு வண்டி மேல். பளபளவென்று இருந்தது, ஓடினாலும் அதிகச் சத்தமில்லை. மூலையில் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய புல்லட் ஒன்று, எருமை மாதிரி நின்றது. ஷெட்காரர் அதை ஒருமுறை உதைத்துக் காட்டினார். தகரக் கூரை அதிர்ந்தது. அம்மா தலையைத் திருப்பி வலது காதை அந்தப் பக்கம் கொடுத்தாள்.

அப்பா சிவப்பு வண்டியைக் காட்டி, "ஊத்து புள்ளே" என்றார். எஞ்சின் அணைந்திருந்தது. தண்ணீர் டேங்க் மேல் வழிந்து தரையில் சொட்டியது, அவ்வளவுதான்.

"இத ஓட உடுங்க தம்பி," என்றாள் அம்மா ஷெட்காரரிடம், புல்லட்டைக் காட்டி.

ஓடவிட்டார். அவள் ஊற்றினாள். புல்லட் குலுங்கிய குலுக்கில் தண்ணீர் தெறித்து அப்பாவின் சட்டையில் விழுந்தது. ஷெட்காரர் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "துலுக்கிருச்சு" என்றார். பழக்கம் என்று வந்தால் எங்கள் ஆட்களுக்குக் கண் தெரியாது.

அன்றிலிருந்து வாய்க்கால் பாலத்தில் வண்டி திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும். அம்மா சாட்டையை வைக்கோல் போருக்குள் செருகுவாள். "ஓடு சாமி" என்று எங்கள் இருவரையும் சோளக்காட்டுக்குள் விரட்டுவாள். அவள் மட்டும் ஓட மாட்டாள். முந்தானையை மடித்து, கேட்கிற காதைக் கட்டிக்கொண்டு நிற்பாள். சோளத்தட்டுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் நான் கேட்டிருக்கிறேன்.

வரும்போதெல்லாம் பிள்ளைகள் இல்லாதது ஏன் என்று அப்பாவுக்கு ஒருநாள் புரிந்தது. அன்று மத்தியானம் பாலத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, அவ்வளவு கனத்தையும் தள்ளிக்கொண்டே வந்தார். நான் வாசலில் தலை சீவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே நிற்கிறார், வேர்த்து ஊற்றுகிறது.

"இன்னிக்குச் சோளக்காட்டுக்குப் போவலியா?"

ஸ்டாண்டு போட அவருக்குப் பொறுமையில்லை. ஒரு கையை விட்டு என் முடியைப் பிடித்து இழுத்தார். வண்டி சாய்ந்தது. என் முடியை விட்டுவிட்டு அதைப் பிடிக்கப் பார்த்தார், அது அவரையும் சேர்த்துச் சாய்த்தது. சைலன்சர் இன்னும் ஆறவில்லை. கெண்டைக்காலில் அது அழுந்தியதும் அவர் போட்ட அலறலில் காக்கை பறந்தது. சதை கருகும் வாசம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தூக்குடி" என்று கத்தினார்.

அம்மா வந்து பார்த்தாள். திரும்பிப் போய், தொட்டியில் சொம்பை முக்கி எடுத்து வந்தாள்.

"புள்ளைங்க மேலயும் எம்மேலயும் இனிக் கை படாதுங்களா?"

அவர் தலையோடு தண்ணீரை ஊற்றினாள். அவர் உடம்பு மொத்தமும் ஒருதரம் சிலிர்த்து உதறியது.

"துலுக்கிருச்சு," என்றாள் அம்மா. பிறகுதான் அவளும் நானும் வண்டியைத் தூக்கினோம்.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் பொய். கை ஓங்கத்தான் செய்தார். அப்போதெல்லாம் அம்மா போய்ச் சொம்பை எடுப்பாள். கை இறங்கிவிடும்.