கீழே வைத்த இக்னைட்டர்

எங்கள் பெரியப்பாவை லாரி யார்டில் ‘மின்னல்’ என்பார்கள். கூப்பிட்டால் ஆடி அசைந்து வருவார், அதனால். அங்கே உயரக் கம்பங்களில் எரியும் சோடியம் விளக்குகளுக்கு அவர்தான் ஆள்.

அந்த விளக்கு லேசில் எழாது, கும்பகர்ணன் வம்சம். உள்ளே இருப்பது கம்பி இல்லை, வாயு. பக்கத்தில் இருக்கும் இக்னைட்டர் என்கிற சின்ன டப்பா சில ஆயிரம் வோல்ட்டில் பளார் பளாரென்று அறையும். விளக்கு கண்ணைத் திறந்ததும் டப்பா வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் சாதாரண கரண்ட்டே போதும். “உன்னப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புற மாதிரிடா” என்பார் பெரியப்பா. என்னை எழுப்பியும் பயனில்லை என்பது வேறு கதை.

மழையில் ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவர் வலது கை தோளுக்கு மேலே போவதில்லை. பெரியம்மாதான் தலை சீவிவிடுவாள். கேட்டால், “ஸ்டைல் மாத்துறா” என்பார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். எங்கள் வீட்டில் வேலை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

கடைசிக் கம்பத்தில் இக்னைட்டர் செத்தது. விளக்கை ஒட்டி, உச்சியில் வைக்க வேண்டிய சாமான் அது. ஏற முடியாதவர் புதியதைக் கம்பத்தின் அடியில் இருந்த பெட்டிக்குள் மாட்டிவிட்டார்.

சாயங்காலம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது சூப்பர்வைசர் அங்கே நின்றார். கீழே டப்பா கிர்ர், கிர்ர் என்று அறைந்துகொண்டே இருந்தது. மேலே இருட்டு. அவ்வளவு நீள வயரில் ஏறிப் போவதற்குள் அறையெல்லாம் தடவலாகிவிட்டது.

“இத யாராவது கீழ வைப்பாங்களா மின்னல்?”

“பாக்க வசதியா இருக்கும்னு சார்...”

“எதப் பாக்க? இருட்டையா? ஏறி மேல மாட்டு.”

பெரியப்பா ஏணியைப் பிடித்தார். நான் நடுவில் புகுந்தேன். “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேலேர்ந்து பாத்தா உங்க தலையால அவருக்குக் கண்ணு கூசும்.”

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசரே சொட்டையைத் தடவிக்கொண்டார். அந்தச் சாக்கில் பெரியப்பா நழுவியிருக்கலாம். மனுஷன் நிஜமாகவே ஏறப் பார்த்தார். இடது கை படியைப் பிடித்தது. வலது கை தோள்வரை வந்து நின்றுவிட்டது. சிரிப்பும் நின்றது.

“எப்பலேர்ந்து இப்படி?”

“மழையிலேர்ந்து.”

சூப்பர்வைசர் கையை நீட்டினார். “பெட்டிச் சாவியக் குடுத்துட்டுப் போங்கண்ணே.”

அதுவரை மின்னல். வேலை போனதும் அண்ணன்.

வழியில் பெரியப்பா கேட்டார். “அந்தாளு சொட்டைய ஏன்டா இழுத்த?”

“அங்க பளபளன்னு இருந்தது அது ஒண்ணுதானே.”

அவர் சிரிக்கவில்லை. “பெரியம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றார். எங்கள் தெருமுனை வந்தது. திரும்பாமல் நேரே நடந்தார். நானும் அவருடைய வலப்பக்கமாகவே நடந்தேன்.