குவைத்திலிருந்து வந்த மஞ்சள் சட்டை

சூறாவளியில் கணவனையும் தோணியையும் ஒன்றாகப் பறிகொடுத்த ஸைனம்பு, 1980இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மகள் சுல்பிகாவுக்கு அப்போது ஆறு வயது. கல்முனையில் ஸைனம்புவின் தங்கை, சாச்சி ஹாஜறாவின் வீட்டில் அவள் வளர்ந்தாள்.

நான்கு வருடம் கழித்து, நோன்புப் பெருநாளுக்கு முன்னர், ஊர் திரும்பிய ஒரு பெண்ணிடம் ஸைனம்பு ஒரு பொதி கொடுத்துவிட்டிருந்தாள். உள்ளே ஒரு மஞ்சள் சட்டை. திரைச்சீலையில் மிஞ்சிய துண்டை வெட்டிக் கையால் தைத்தது. கழுத்தைச் சுற்றிச் சின்னப் பூக்கள். சுல்பிகா போட்டுப் பார்த்தாள். தோளைத் தாண்டி இறங்கவில்லை.

பார்க்க வந்த கூட்டாளிப் பிள்ளைகள் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள். அவர்களுக்கெல்லாம் மினுங்கும் கடைச்சட்டைகள் வந்திருந்தன.

"ஒன்ட உம்மாக்கு ஒன்ட வயசு தெரியாதா?"

"அது எனக்கில்ல. பக்கத்து ஊட்டுப் புள்ளைக்கு அனுப்பின," என்றாள் சுல்பிகா.

பொய் பிடிபடக்கூடாதே என்று அன்றே சட்டையைப் பக்கத்து வீட்டுச் சுஹறாவின் சின்ன மகளுக்கு, உம்மா அனுப்பியதாகச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறு வருடம் ஸைனம்பு ஊருக்கு வந்தாள். வந்த அன்றே கேட்டாள்:

"சட்ட அளவா இருந்திச்சா மகள்?"

"ஓம் உம்மா. பெருநாளைக்குப் போட்டன். எல்லாரும் நல்லமெண்டாங்க."

"கழுத்துப் பூவுக்கு மட்டும் ஒரு மாசம் போச்சி. பகல்ல ஊட்டுக்காரங்க படுத்த புறகு தெச்சன்."

அவளுடைய விரல்கள் துணி துவைத்த சவர்க்காரத்தில் வெடித்திருந்தன. சுல்பிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் சுஹறா மகளோடு வந்தாள். பிள்ளை மஞ்சள் சட்டையில் இருந்தாள்.

"நீங்க அனுப்பின சட்டையக் கழட்டவே மாட்டாள் ராத்தா," என்றாள் சுஹறா.

ஸைனம்பு பிள்ளையை அருகில் இழுத்து, பிரிந்திருந்த ஒரு பூவின் நூலை விரலால் அழுத்திவிட்டாள்.

"இவக்கு நல்லா இரிக்கி," என்றாள்.

அவர்கள் போன பிறகு, தன் தோளளவு வளர்ந்து நின்ற மகளைப் பார்த்தாள்.

"பிழ என்னிலதான் மகள். நான் உட்டுட்டுப் போன அளவிலேயே ஒன்ன நெனச்சிட்டு இருந்திட்டன்."

மன்னிப்புக் கேட்க நினைத்தாள் சுல்பிகா. உம்மா திரும்பவும் குவைத்துக்குப் போகும்வரை கேட்கவில்லை.

அடுத்த மாதம் எழுதிய கடிதத்தில்தான், கூட்டாளிகளிடம் தான் சொன்னதை ஒளிக்காமல் எழுதினாள். பதிலில் ஸைனம்பு அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று உயரத்தை அளந்து, மாதாமாதம் தனக்கு அறிவிக்கச் சொல்லியிருந்தாள்.