ஒரு விரல் குறைந்த சின்னக் கியர்

“டொக்!”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. சோற்றில் கை வைத்த ஹரிதாஸ் அப்படியே நிமிர்ந்தார். சோதனைக்காகக் காலையிலிருந்து மூன்று மணி நேரமாக ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று குரலை மாற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடியது. சக்கரங்களின் இரைச்சல் மட்டும் நின்றுவிட்டது.

“அண்ணே! கழண்டுருச்சுண்ணே! ஓடியாங்க!”

தனபாலனின் குரல். அழுகிறானா சிரிக்கிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினார் ஹரிதாஸ். நான்கு தாங்கிகளின் மேல், சக்கரங்கள் தரையைத் தொடாமல் நின்றிருந்தது அந்தப் பழைய பிக்கப். டிரைவர் இருக்கையில் தனபாலன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, துப்பாக்கி முனையில் நிற்பவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

“எதையும் தொடாதே. பெரிய கியர் எதுல இருக்கு?”

“ஒண்ணுலதாண்ணே. சாமி சத்தியமா நான் தொடவே இல்ல.”

“எஞ்சினை அணை.”

அணைத்தான். ஹரிதாஸ் குழம்பு ஒட்டிய கையாலேயே பின்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். கியரில் நிற்கிற வண்டியின் சக்கரம் கைக்கு அசையக் கூடாது. இது திருவிழா ராட்டினம் போலச் சுற்றியது.

“பாத்தீங்களாண்ணே! கியர்ல நிக்குது, சக்கரம் ஓடுது! இதத்தானே அஞ்சு நாளா தொண்டை கிழியச் சொன்னேன்? ஒருத்தன் நம்புனானா?”

ஐந்து நாளைக்கு முன்பு, மலாக்காவில், நியாலாஸ் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நடந்தது அது. ஓடையைக் கடந்து மேட்டில் ஏறிய தனபாலன், பாதிச் சரிவில் வண்டியை நிறுத்தினான். நனைந்த ஹேண்ட் பிரேக் சரிவில் பிடிக்காது. அதனால் தோட்டத்து டிரைவர்கள் எல்லாரும் செய்வது போல, பெரிய கியருக்குப் பக்கத்திலுள்ள சின்னக் கியரை லோவில் இழுத்து, பெரிய கியரை ஒன்றில் போட்டுவிட்டு, உரமூட்டையை இறக்கப் போனான். வண்டி தானாகப் பின்னால் உருண்டது. கீழே உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த முனியம்மாவின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

முனியம்மா வேறு யாருமல்ல. தாயில்லாத தனபாலனைச் சோறு ஊட்டி வளர்த்த சின்னம்மா.

கியரில் போட்ட வண்டி எப்படி உருளும் என்று கேட்டார் மேனேஜர். உருண்ட பிறகு ஓடிப்போய்க் கியரைப் போட்டிருப்பான் என்றார்கள் சிலர். காலையிலேயே குடித்திருந்தான் என்று ஒரு பேச்சு கிளம்பி ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போய்ச் சேர்ந்தது. பார்க்கப் போனவனிடம் சின்னம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “குடிச்சிருந்தியாடா?” பதிலுக்குக் காத்திராமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வண்டியின் சொந்தக்காரர் ஹனீஃப் பாய். ஜாசினில் கடை வைத்திருப்பவர். தோட்டங்களுக்குப் பிக்கப்புகளை வாடகைக்கு விடுபவர். தப்பு வண்டி மேலா, டிரைவர் மேலா என்று மெக்கானிக் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் இன்று ஐந்து மணிக்குள் தோட்ட ஆபீசுக்குப் போக வேண்டும். அதை வாங்க நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். டிரைவர் மேல் என்று எழுதினால் தனபாலனுக்கு வேலை போகும், போலீஸ் கேஸ் வரும். சின்னம்மாவும் அவனை விட்டுப் போய்விடுவாள்.

“பாய்க்குப் போன் போடுங்கண்ணே! இப்பவே சொல்லுங்க!”

“பொறு லா. கழண்டுச்சுன்னு தெரிஞ்சா போதுமா? ஏன் கழண்டுச்சு? ‘நீதான் பாதியில இழுத்து விட்டிருப்பே’ன்னு மேனேஜர் ஒரே வார்த்தையில முடிச்சிடுவார்.”

அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை ஹரிதாஸ் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு இந்த டிரான்ஸ்பர் கேஸைப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டியது அவருடைய இதே இரண்டு கைகள்தான்.

ஹரிதாஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் லாரி கழுவப் போனவர். பெம்பானில் இந்தப் பட்டறையைப் போட்டு இருபது வருஷமாகிறது. எஞ்சின் வேலைக்கு ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். டிரான்ஸ்பர் கேஸ் என்றால் மட்டும் எல்லாரும் அவரிடம்தான் அனுப்புவார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எஞ்சினின் பலத்தைப் பங்கு வைக்கிற பெட்டி அது. ஹைக்கும் லோவுக்கும் நடுவே அதற்குள் ஒரு நியூட்ரல் உண்டு. அந்தப் பெட்டியை இயக்கும் சின்னக் கியர் அந்தக் குழியில் விழுந்துவிட்டால், பெரிய கியர் எதில் இருந்தாலும் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு அறுந்துபோகும். ‘ஹரிதாஸ் பூட்டினது கழலாது’ என்று டிரைவர்கள் சொல்வார்கள். பிள்ளையில்லாத அந்த மனிதர் அந்த ஒரு பேச்சைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்து வைத்திருந்தார்.

சுவர்க் கடிகாரம் இரண்டேகால் காட்டியது.

முதலில் பெட்டியின் அடித்திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தார். விரலில் தொட்டு வெளிச்சத்தில் தேய்த்துப் பார்த்தார். இரும்புத்தூள் இல்லை, கருகிய நாற்றம் இல்லை. புது எண்ணெயை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, நீளமான திருப்புளியின் முனையைப் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பேரிங் சுத்தமாகப் பாடியது. சங்கிலி அடிக்கவில்லை. கியரைப் பூட்டி வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கிற மூடியைத் திறந்தார். அந்த ஸ்பிரிங்கைப் பழையதாகவே விட்டுவிட்டோமோ?

இல்லை. புதுசு. அவரே போட்டது. வளையாமல் விறைப்பாக நின்றது.

“என்னண்ணே ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க? மணி மூணரை ஆகப்போகுது.”

“வாய மூடிட்டு உக்காரு. நான் சொல்லும்போது சின்னக் கியரை லோவுக்கு இழு.”

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தனபாலன் இழுத்தான்.

“முழுசா இழுத்துட்டியா?”

“முழுசாத்தாண்ணே. இதுக்கு மேல வராது.”

பெட்டியின் பக்கவாட்டில் இருந்த இரும்புக் கை நகர்ந்து நின்றது. ஹரிதாஸ் டார்ச்சை அருகே கொண்டு போனார். அது நிற்க வேண்டிய இடத்துக்கு இன்னும் ஒரு விரல் தூரம் பாக்கி இருந்தது. மேலே கியர் முழுசாக விழுந்துவிட்டதாகக் கை சொல்கிறது. கீழே பல் பாதிதான் கவ்வியிருக்கிறது. அப்படியானால் பெட்டியில் குற்றமில்லை. நடுவில் எதுவோ தடுக்கிறது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. தப்பு தன் கையில் இல்லை!

“இறங்கு. போய் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு. சின்னம்மா சாப்பிட்டுச்சான்னு கேளு.”

தனபாலன் வாசலுக்குப் போனான். ஹரிதாஸ் மேலே ஏறி, சின்னக் கியரைச் சுற்றியிருந்த ரப்பர் உறையை நெம்பித் தூக்கினார். தண்டின் அடியில், தகரத்துக்கும் கம்பிக்கும் நடுவே கெட்டியாக ஏதோ நசுங்கிக் கிடந்தது. குறட்டால் பிடித்து இழுத்தார்.

மஞ்சள் துணி. அதற்குள் முடிந்து வைத்த ஒரு விரலி மஞ்சள். காய்ந்து, கல்லாக இறுகியிருந்தது.

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த மனைவி தேவமலர் அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க... இது நான் கட்டினதுங்க.”

அவருக்கும் தெரியும். இந்தப் பட்டறையை விட்டுப் போகிற எந்த வண்டியும் தேவமலர் கட்டிய மஞ்சள் துணி இல்லாமல் போனதில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து வந்து, முன்கண்ணாடியில் கட்டிவிடுவாள். பாய் வண்டிக்கு மட்டும் அவளுக்கு ஒரு தயக்கம் வந்தது. ‘கண்ணாடியில கட்டினா பாய் மனசு சங்கடப்படுமோ?’ என்று அன்றைக்கு அவரிடம்தான் கேட்டாள். அவர் இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: ‘கண்ணுக்குத் தெரியாத எடமா பார்த்துக் கட்டிவிடு லா.’

கட்டிவிட்டாள். ரப்பர் உறைக்குள் தண்டின் மேலே கட்டியது, இரண்டு மாதக் குலுக்கலில் இறங்கி இறங்கி அடியில் போய் அடைத்துக்கொண்டது.

“குடுங்க அதை.” தேவமலரின் குரல் கிசுகிசுத்தது. “அடுப்புல போட்டுடறேன். ஸ்பிரிங்கு தேஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க. தனபாலும் தப்பிச்சான், நாமளும் தப்பிச்சோம். யாருக்குங்க நட்டம்?”

அவருடைய மனசும் அதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தேய்மானத்துக்கு யாரைக் கேட்க முடியும்? கையை நீட்டினார். துணியை அவள் உள்ளங்கையில் வைக்கப் போனவர், திடீரென்று நிறுத்தினார்.

“மலரு... பாய் வண்டி எத்தனைல இப்படிக் கட்டியிருக்கே?”

அவள் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேத்தண்ணி தரையில் கொட்டியது.

“மூணுல.”

வெளியே நியாலாஸ் பக்கம் வானம் கறுத்திருந்தது. மற்ற இரண்டு வண்டிகளும் இந்த நேரத்தில் அதே சரிவில்தான் உரம் இறக்கிக்கொண்டிருக்கும். அதே போல நிறுத்தியிருப்பார்கள். கீழே பெண்கள் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

“தனபாலா!” பட்டறையே அதிரக் கத்தினார் ஹரிதாஸ்.

ஓடி வந்தவனிடம் துணியைக் காட்டி, நடந்ததை நான்கே வரியில் சொன்னார். தனபாலன் அந்த மஞ்சளைப் பார்த்தான். தேவமலரைப் பார்த்தான்.

“அஞ்சு நாளுண்ணே,” என்றான். “என் சின்னம்மா என்னைக் குடிகாரன்னு நெனைச்சுக்கிட்டுப் படுத்திருக்கு.”

“என்னை அப்புறம் திட்டு, அடி. இப்ப அவனுங்களுக்குப் போன் போடு!”

அந்த இரண்டு வண்டிகளில் ஒன்றை ஓட்டும் கோகுலராஜ், போன் ஐந்து தடவை மணியடித்த பிறகுதான் எடுத்தான்.

“மச்சான், எங்கடா இருக்கே?”

“மேட்டுலதான் நிக்கறேன். ஏன், உன் வண்டிய உருட்டினது பத்தாதுன்னு என் வண்டியையும் உருட்ட வர்றியா?”

“டேய், வெளையாடாதே! வண்டிக்குள்ள இருக்கியா, வெளியவா?”

“வெளியதான். மூட்டை இறக்கறேன் லா.”

“சக்கரத்துக்குப் பின்னால கல்லு வை. மொதல்ல கல்லு! அப்புறம் பேசு!”

போனில் மூச்சிரைப்பு கேட்டது. கல் உருளும் ஓசை கேட்டது. தேவமலர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடுகள் அம்மனை அழைத்தன. அம்மனிடம் என்ன கேட்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“வச்சுட்டேன். என்னடா விஷயம்?”

“சின்னக் கியர் ரப்பரைத் தூக்கிப் பாரு.”

ரப்பரை நெம்பும் சத்தம் கேட்டது. பிறகு கோகுலராஜின் குரலில் கேலி செத்துப் போயிருந்தது.

“மச்சான்... மஞ்சளா ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்குடா.”

இன்னொரு வண்டி காளிமுத்துவுடையது. அவர் போனை எடுக்கவில்லை. கோகுலராஜ் மேட்டிலிருந்து இறங்கி அவரைத் தேடி ஓடினான். பத்து நிமிஷம். ஹரிதாஸுக்கு அது பத்து வருஷம். கடைசியில் போன் வந்தது: “காளி அண்ணன் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்காரு. வண்டி ரோட்டோரம் சமமாத்தான் நிக்குது.”

ஹரிதாஸ் காகிதத்தை எடுத்து, நடந்ததை நடந்தபடியே எழுத உட்கார்ந்தார்.

ஹனீஃப் பாய் சரியாக நான்கு மணிக்கு உள்ளே வந்தபோது கடிதம் தயாராக இருந்தது. வெள்ளைச் சட்டை, கையில் கார்ச் சாவி, முகத்தில் அவசரம். ஹரிதாஸ் கடிதத்தையும், அதன் மேல் மஞ்சள் துணியையும் வைத்து நீட்டினார். பாய் நின்றபடியே படித்தார். படித்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“ஸ்பிரிங் போச்சுன்னு எழுதியிருந்தா எனக்கு என்ன தெரியும் ஹரிதாஸ்?”

“தெரியாது பாய்.”

“இதை நான் ஆபீஸ்ல கொடுத்தா, இந்த மாவட்டத்துல ஒரு தோட்டமும் உன்கிட்ட வண்டி அனுப்பாது.”

“தெரியும்.”

“கால் ஒடைஞ்சவ நாளைக்கு உன் மேல கேஸ் போடலாம்.”

“போடட்டும் பாய். போட வேண்டியதுதான்.”

“கொடுத்துடட்டுமா?”

ஹரிதாஸ் தனபாலனைப் பார்த்தார். அவன் ‘வேணாண்ணே’ என்று சொல்லிவிடுவானோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். ஆசைப்பட்டதற்காக அடுத்த கணமே வெட்கப்பட்டார். தனபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணீர் சொட்டியது. வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் அவன் இல்லை.

“கொடுங்க பாய்,” என்றார் ஹரிதாஸ்.

பாய் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“ஏறுடா தனபாலா. ஆபீஸ்ல கொடுத்துட்டு நேரா மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போவோம். உன் சின்னம்மாவுக்கு நானே இதைப் படிச்சுக் காட்டறேன்.” பிறகு ஹரிதாஸைப் பார்த்தார். “இந்த வண்டிய நாளைக்கு ஆள் வந்து எடுத்துக்கும். இனிமே என் வண்டி எதுவும் இங்க வராது. கோவிச்சுக்காதே.”

“கோவிக்க எனக்கு என்ன இருக்கு பாய்?”

தனபாலன் முதலில் வெளியேறினான். ஹரிதாஸைத் தாண்டும்போது நின்றான். அவருடைய எண்ணெய்க் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனான்.

“அண்ணே...” என்று பாயைக் கூப்பிட்டாள் தேவமலர். “உங்க மனசு நோகக்கூடாதுன்னுதாண்ணே ஒளிச்சுக் கட்டினேன்.”

வாசற்படியில் காலை வைத்த பாய் திரும்பினார். கோபமெல்லாம் வடிந்து, அந்த முகத்தில் வேறு ஒரு வலி இருந்தது.

“ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா, கண்ணாடியிலேயே கட்டும்மான்னு சொல்லியிருப்பேனே தங்கச்சி. இருபது வருஷப் பழக்கத்துல நீங்க ரெண்டு பேரும் என்னை இவ்வளவுதானா தெரிஞ்சு வச்சிருக்கீங்க?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மழை தொடங்கியிருந்தது. தலையில் கையை வைத்து மறைத்தபடி காருக்கு நடந்தார். கார் திரும்பி, பெம்பான் சாலையில் ஏறி மறையும் வரைக்கும் தேவமலர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, சாரல் உள்ளே அடிக்கிறதென்று, கதவைச் சாத்தினாள்.